பாசிக்கும் பல் உண்டு

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்து, வெள்ளி அருவியைத் தாண்டியதும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு செண்பகனூருக்குள் நுழையும். அருவியில் எல்லோரும் இறங்குவார்கள். 180 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அங்கே இறங்கவில்லை. செண்பகனூரில் இறங்கி, சாலையோரத்துக் கருங்கல் சுவர் ஒன்றின் முன் மண்டியிட்டு, மூக்கு சுவரில் உரசும்படி உட்கார்ந்திருந்தேன். விறகுச் சுமையோடு போன பாட்டி ஒருவர் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, காசு கீசு விழுந்துருச்சா?"

"இல்ல பாட்டி. பாசியப் படம் எடுக்கிறேன்."

"பாசியவா?" சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கீங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. வெறும் கண்ணுக்கு அந்தச் சுவரில் தெரிந்தது பச்சைக் கறை, அவ்வளவுதான். இன்னும் குனிந்தால், கறையில் ஊசி நட்டதுபோல இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குச் செம்பழுப்புக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கொடைக்கானல் பேரிக்காயைச் சுருக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல ஒரு பை, 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளம். ஃபுனேரியா என்று பெயர். பிளஸ் ஒன் தாவரவியலில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள், பிறகு மறந்திருப்பீர்கள். பையின் வாய் 1 மில்லிமீட்டர் அகலம்கூட வராது. அந்த வாயைச் சுற்றி 16 பற்கள். அவற்றுக்கு உள்ளே இன்னொரு வரிசை, அதிலும் 16. காற்று காய்ந்திருந்தால் வெளிப்பற்கள் விலகி, உள்ளே இருக்கும் வித்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஈரம் ஏறினால் வாய் மூடிக்கொள்ளும். மழையில் வித்து நனைந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மூளையும் தசையும் இல்லாத ஒரு செடி செய்துகொண்ட கதவு அது. அந்தக் கதவைத்தான் படமெடுக்க வந்திருந்தேன்.

இந்த ஊர்ச் சுவர்களை இப்படி முறைத்துப் பார்த்ததில் நான் முதல் ஆள் இல்லை. 1895-இல் இங்கே சேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே வந்த பாதிரியார்களில் சிலருக்கு இறையியலோடு இன்னொரு பித்தும் பிடித்துக்கொண்டது. ஃபோரோ என்ற பாதிரியார் பாசிகளின் பின்னால் போனார். பழனி மலையின் பாசிகளைப் பற்றிய அவரது நீண்ட பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. பாசிப் பேரினங்களில் ஒன்றுக்கு அவர் பெயரால் ஃபோரோயெல்லா என்றே பெயரிட்டிருக்கிறார்கள். லூயி ஆங்லாத் என்ற இன்னொருவர் இந்த மலையின் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து குவித்தார். பின்னாளில் கே.எம். மேத்யூ வந்தார். 1996-இல் கோட்டோவியங்களாகவும் 1999-இல் விரிவான நூலாகவும் பழனி மலையின் தாவரங்களைப் பதிவு செய்தவர் அவர். அவர்கள் எல்லோர் சட்டைப்பையிலும் இருந்திருக்கக்கூடிய கருவி ஒன்றுதான், கட்டைவிரல் அகலத்தில் ஒரு கைலென்ஸ். என் கழுத்தில் தொங்கும் கேமராவும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு ஒரு சிக்கல் மட்டும் கூடுதல். கண் பார்த்துவிட்டுப் போய்விடும், கேமரா பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம்தான் இந்தக் கலையில் முழுத் தலைவலியும் முழு இன்பமும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு பொருளின் பிம்பம், கேமராவுக்குள் இருக்கும் சென்சார் என்ற ஒளியுணர் தகட்டில், அந்தப் பொருளின் அசல் அளவிலேயே விழுந்தால் அது 1:1. மேக்ரோ, அதாவது அண்மைப் படம், அங்கேதான் தொடங்குகிறது. பெரிய சென்சார் என்று சொல்லப்படுவது 36-க்கு 24 மில்லிமீட்டர், நல்ல பெரிய தபால்தலை ஒன்றின் அளவு. 6 மில்லிமீட்டர் அரிசிமணியை 1:1-இல் எடுத்தால் தகட்டில் அதன் பிம்பமும் 6 மில்லிமீட்டர். அதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அந்தத் தபால்தலையை ஏ4 தாளின் நீளத்துக்கு அச்சிட்டுப் பாருங்கள், அரிசிமணி 5 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். சாதாரண லென்ஸ் இந்த அளவுக்கு வராது. கேமராவோடு இலவச இணைப்பாக வரும் லென்ஸ்கள் பெரும்பாலும் 1:3 பக்கம் வந்ததுமே, இதற்குமேல் கிட்டே வராதே என்று அடம்பிடிக்கும்.

அடம் ஏன் என்று தெரிந்தால் அதை உடைக்கும் வழியும் தெரிந்துவிடும். தொலைவில் உள்ள மலை, 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டரில் தெளிவான பிம்பமாக விழுகிறது. பொருள் கிட்டே வர வர, பிம்பம் விழும் இடம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். பொருள் லென்ஸுக்கு முன்னே 100 மில்லிமீட்டரில் இருந்தால் பிம்பம் பின்னே 100 மில்லிமீட்டரில் விழும். இருபக்கமும் சமம், ஆகவே அளவும் சமம். நமக்கு வேண்டியது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே இன்னும் 50 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே. அதைத் தருவது எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய்! காற்றை விலைக்கு வாங்குகிறோம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அரை லட்சத்தைத் தொடும் மேக்ரோ லென்ஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அந்தக் காற்றே செய்துவிடும்.

இதைவிட விசித்திரமான வழி ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டுவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரிங் என்ற வளையம் போதும். கிறுக்குத்தனம்போலத் தெரியும், யோசித்தால் அதுதான் முறை. லென்ஸின் முன்பக்கம் தொலைவான உலகத்தைப் பார்க்கவும், பின்பக்கம் மிக அருகே இருக்கும் சின்னத் தகட்டைப் பார்க்கவும் வடிவமைக்கப்பட்டவை. இப்போது நமக்கு அருகே இருப்பது சின்னப் பொருள். பின்பக்கத்தை அதன் பக்கம் திருப்பிவிட்டால், லென்ஸ் தனக்குப் பழகிய வேலையைச் செய்யும். பாசி ஏறக்குறைய பழைய சென்சார் இருந்த தூரத்தில் வந்து நிற்கும். கேனான் எஸ்எல்ஆர்களில் அந்தத் தூரம் 44 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. லென்ஸின் குவியத் தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் ஏறும். 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பினால் 1:1-ஐ ஒட்டி வரும், 28 மில்லிமீட்டரைத் திருப்பினால் அதையும் தாண்டும். ஒரே குறை, திருப்பிய லென்ஸோடு கேமரா பேசாது. ஒளி நுழையும் துளையை நாமே சுருக்க வேண்டும். அதனால்தான் துளைக்கென்று தனி வளையம் வைத்த பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ்களுக்கு மேக்ரோ எடுப்பவர்கள் நடுவில் இன்னும் மவுசு. என்னுடையது அப்படி ஒன்று. பழைய பொருள் கடையில் வாங்கினேன், துளை வளையத்தைத் திருப்பினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல டிக் டிக் என்று சத்தம் வரும்.

மூன்றாவது வழி லென்ஸுக்கே மூக்குக்கண்ணாடி போடுவது. உவமை இல்லை, நிஜமாகவே அதேதான். வயதானவர்கள் தினசரி படிக்கப் போடும் கண்ணாடி பிளஸ் 2 என்றால், ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கிளிப் லென்ஸ் பிளஸ் 8. இவை எதுவும் வேண்டாம், கைபேசி மட்டும்தான் உண்டு என்பவர்கள் அதன் கேமராக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெல்லக் கவிழ்த்துப் பிடித்தால் போதும். தொங்கும் துளியே லென்ஸ். துளி விழுந்துவிட்டால் அடுத்த துளிக்குச் செலவு இல்லை. (நீர் புகாத போன் என்று உறுதி செய்துகொண்டு விளையாடுங்கள்.)

பெரிதாக்குவது இவ்வளவு எளிது. இப்போது பில் வரும். ஒரு கரண்டி தோசை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு இழுத்தால் தோசை எவ்வளவு மெலியும்? பாதியாக இல்லை, கால்வாசியாக. பரப்பு நான்கு மடங்கு ஆகிவிட்டதே. லென்ஸைத் தகட்டிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளி 1:1-க்குக் கொண்டுவரும்போது ஒளிக்கும் இதே கதிதான், சென்சாரில் விழுவது கால்வாசி. 3 மடங்கு உருப்பெருக்கத்துக்குப் போனால் பதினாறில் ஒரு பங்கு. ஃபுனேரியாவின் பற்களுக்கு எனக்கு அந்த மூன்று மடங்கு வேண்டியிருந்தது.

ஒளி குறைந்ததோடு விடாது, ஆழமும் போய்விடும். படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கிறது என்பதற்குப் புல ஆழம் என்று பெயர். நண்பரை நாலடி தூரத்தில் எடுக்கும்போது மூக்கு முதல் காதுவரை தெளிவாக வரும். 1:1-இல், எஃப் 8 துளையில், புல ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், உங்கள் ஏடிஎம் அட்டையின் தடிமனைவிடச் சற்றே அதிகம். 2 மடங்குக்குப் போனால் அட்டையில் பாதி. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் அதன் இடுப்பு புகை. சரி, துளையைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று எஃப் 22-க்குப் போவோம். கூடும். ஆனால் அங்கே ஒளி வேறொரு குணத்தைக் காட்டும். சின்னச் சந்தில் புகுந்து வெளிவரும் ஒளி நேர்க்கோட்டில் நில்லாமல் விரிகிறது. பள்ளிப் புத்தகம் இதை விளிம்பு விளைவு என்கிறது. புள்ளியாக விழ வேண்டியது தட்டாக விழும். 1:1-இல் எஃப் 22 வைத்தால் அந்தத் தட்டு ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர். 24 மெகாபிக்சல் பெரிய சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். பத்து பிக்சலுக்கு நீர் ஊற்றிக் கலக்கிய மாதிரி. ஒருபக்கம் ஆழம், மறுபக்கம் கூர்மை, இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் இயற்பியல் கையை விரித்துவிடும்.

கை நடுக்கமும் இதே மடங்கில் பெரிதாகும். தலைமுடியின் பருமன் அளவுக்குக் கை அசைந்தால் 1:1-இல் அதே அளவு பிம்பமும் அசையும், பத்துப் பிக்சலுக்கு மேல் இழுபடும். மூச்சு, இதயத் துடிப்பு, சாலையில் போகும் லாரி எல்லாமே படத்தில் பங்கு கேட்கும். பழகியவர்கள் இடது கை விரல்களால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேட்டில் லென்ஸைத் தாங்கிக்கொள்வார்கள். செடி ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று ஆடாது. ஃபோக்கஸ் வளையத்தைத் தொடவே மாட்டார்கள். உடம்பையே முன்னும் பின்னும் மயிரிழை சாய்த்து, தெளிவு வரும் நொடியில் அழுத்துவார்கள். குளிர்காலத்தில் இது தனி யோகாசனம்.

ஒளி பற்றாது, அசைவோ அதிகம். இரண்டுக்கும் ஒரே மருந்து ஃப்ளாஷ். முழு பலத்தில் அடிக்கும் ஃப்ளாஷ் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி எரியும். பலத்தைக் குறைத்தால் அது மங்கலாக எரிவதில்லை, சீக்கிரம் அணைந்துவிடுகிறது. மிகக் குறைந்த பலத்தில் சாதாரண ஃப்ளாஷ்கூட 20,000-இல் ஒரு பங்கு வினாடிதான் எரியும், அதற்கும் குறைவாக எரிபவை உண்டு. தேனீ ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 230 முறை சிறகடிக்கிறது, சிறகின் நுனி வினாடிக்கு ஆறேழு மீட்டர் ஓடுகிறது. அந்தக் கணநேரத்தில் நுனி நகரும் தூரம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஷட்டர் இருநூறில் ஒரு பங்கு வினாடி திறந்திருந்தாலும் கவலை இல்லை. நிழலான சோலைக்குள் அந்த நேரம் முழுக்க இருட்டு, வெளிச்சம் இருந்தது அந்த ஒரு கணம் மட்டும். படத்தை முடித்து வைப்பது ஷட்டர் இல்லை, விளக்கு.

ஆனால் ஃப்ளாஷை அப்படியே நேராக அடித்துப் பாருங்கள். வண்டின் முதுகில் வெள்ளைத் தீப்பொறி ஒன்று, பக்கத்தில் கன்னங்கரிய நிழல், மற்றதெல்லாம் எண்ணெய் வடிந்த மாதிரி. என் முதல் வருடப் படங்கள் எல்லாம் அந்த ரகம். கருவி போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமான ஃப்ளாஷ் தேடினேன். தேட வேண்டியது பலத்தை இல்லை, அகலத்தை. அதைப் புரியவைத்தது சூரியன்.

செண்பகனூருக்கு மேலே, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 120 ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைக் கவனித்து வருகிறது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியனின் குறுக்களவு பூமியைப்போல் 109 மடங்கு. இருந்தும் நம் கண்ணுக்கும் வண்டின் கண்ணுக்கும் அது வானத்தில் பிடிக்கும் இடம் வெறும் அரை டிகிரி, கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரல் நகத்தில் ஏறக்குறைய பாதி. அவ்வளவு பெரிய நெருப்புக்கோளம், தூரத்தால் புள்ளி விளக்காகிவிட்டது. அதனால்தான் உச்சிவெயிலில் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது. இப்போது 8 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைத் திரையை வண்டிலிருந்து 8 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். வண்டின் பார்வையில் அது 53 டிகிரி, சூரியனைவிட நூறு மடங்கு அகலம்! ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வந்து தழுவும், நிழல் கரைந்துபோகும், பளபளப்பு பரவி முதுகின் உண்மை நிறம் வெளியே வரும். டிஃப்யூசர் என்று கடைகள் விற்பது இந்தத் திரையைத்தான். அதில் நம்பர் ஒன் விஷயம் தூரம். அதே திரையை ஒரு முழம் தள்ளிவைத்தால் மறுபடியும் புள்ளி விளக்கு.

என் டிஃப்யூசர் ஒரு கிலோ தயிர் டப்பா. அடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, லென்ஸின் மூக்கில் மாட்டிவிட்டேன். ஃப்ளாஷ் மேலிருந்து டப்பாவின் வெளிச்சுவரில் அடிக்கும், டப்பா முழுக்க வெள்ளையாக ஒளிரும், பாசி அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரே இடத்தில் சூடாகத் தெரியும் ஒளியை அடக்க, ஃப்ளாஷ் படும் பக்கத்தில் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர். மூன்று தரம் கழுவியும் மழைநாளில் லேசாகப் புளித்த வாசம் அடிக்கும், ஈக்களுக்குப் பிடித்திருக்கிறது. ஈயைப் படமெடுக்க அதுவும் சௌகரியம்.

இதில் இன்னொரு பள்ளம் உண்டு. ஒளி, தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று மனப்பாடம் செய்த விதி ஞாபகம் இருக்கிறதா? விளக்கிலிருந்து பாசி 10 சென்டிமீட்டர், பின்னால் இருக்கும் புதர் 1 மீட்டர் என்றால், புதருக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. பட்டப்பகலில் எடுத்த படத்தில் பின்னணி அமாவாசையாக இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு, இந்த மலைப் பாசிக்குப் பின்னால் இந்த மலைப் பச்சை இருக்க வேண்டும். உதிர்ந்த இலை ஒன்றை நாலு விரல்கடை பின்னால் பிடித்தால் போதும், இரவு விடிந்துவிடும்.

டப்பாவும் இலையும் இல்லாமலே செண்பகனூர் சில நாள் எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வரும். ஒவ்வொரு மூட்டத்துளியும் ஏறக்குறைய மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கோடானுகோடித் துளிகள், ஒவ்வொன்றும் தன்மேல் பட்ட ஒளியைத் திசை திருப்பி அடுத்ததற்கு அனுப்புகிறது. கடைசியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி ஆகாயம் முழுக்க ஒரே விளக்கு, 180 டிகிரிக்கு ஒரே தயிர் டப்பா. நனைந்த பாசியின் பச்சை அப்போதுதான் அதன் அடிவரை தெரியும். சுற்றுலா வந்தவர்கள், ஒண்ணுமே தெரியல என்று அறைக்குத் திரும்பும் நேரத்தில் நான் முக்காலியை விரிக்கிறேன். வெளிச்சம் குறைவுதான், ஷட்டரை ஒன்றிரண்டு வினாடி திறந்துவைக்க வேண்டும். ஆனால் பாசிக்கு எங்கும் போகும் அவசரம் இல்லை.

மழைக்காலத்தில் மேல்மலைப் புல்வெளிகளின் ஈர ஓரங்களில் அழுகண்ணி முளைக்கும். பூச்சிகளைத் தின்னும் செடி. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும், எப்போதும் கண்ணீர் ததும்புவதுபோல் நிற்பதால் வந்த பெயர். இங்கே உள்ள வகையின் இலை பிறை வடிவில் சில மில்லிமீட்டர். அதன் விளிம்பெங்கும் மெல்லிய மயிர்கள், ஒவ்வொரு மயிரின் தலையிலும் பசைத்துளி. கொசுவோ சிறு ஈயோ பனித்துளி என்று நினைத்து உட்கார்ந்தால் தீர்ந்தது, மயிர்கள் வளைந்து அணைத்துக்கொள்ளும். டார்வின் இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1875-இல் புத்தகமே எழுதினார். படமெடுப்பவனுக்கு அழுகண்ணி இன்னொரு வகையில் ஆசான். ஒவ்வொரு துளியும் ஒரு குவியாடி, சுற்றியுள்ள ஒளியைச் சுருக்கித் தன்மேல் வரைந்து காட்டும். நேரடி ஃப்ளாஷ் அடித்தால் ஐம்பது துளியிலும் ஐம்பது வெள்ளைப் பொத்தல். டப்பா வைத்தால் மென்மையான வெண்பிறை. பளிங்குபோலத் தெளிந்த துளியாக இருந்தால் அது லென்ஸாகவும் வேலை செய்யும். 2 மில்லிமீட்டர் நீர்த்துளியின் பின்சுவரிலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கத்து மலையும் வானமும் தலைகீழாகக் குவிந்து நிற்கும். ஒரு செடியில் ஐம்பது கொடைக்கானல்.

புல ஆழம் ஏடிஎம் அட்டையில் பாதி என்றேனே, அப்படியானால் முழுப் பாசிப்பையும் தெளிவாக இருக்கும் படங்கள் எப்படி வருகின்றன? ஏமாற்று வேலைதான், நேர்மையான ஏமாற்று. ஃபோக்கஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் சின்ன வெங்காயத்தோல் அளவு அடுக்கை மட்டும் கணினி பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாகத் தைக்கும். ஸ்டாக்கிங் என்கிறார்கள், அடுக்குப்படம் என்று சொல்லலாம். நவீனக் கணினியின் கைவரிசை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், தாவர ஓவியங்களைக் கவனிக்கத் தொடங்கும்வரை. கைலென்ஸில் பார்த்து வரையும் ஓவியருக்கும் ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான் தெளிவாகத் தெரியும். இதழின் நுனியைப் பார்த்து வரைவார், லென்ஸைச் சற்று நகர்த்தி மகரந்தத்தைப் பார்ப்பார், இன்னும் நகர்த்தி அடியிலுள்ள மயிரை. தாளில் மூன்றும் ஒரே தெளிவோடு சேர்ந்து நிற்கும். ஆங்லாத் திரு இருதயக் கல்லூரியில் மேசை போட்டு உட்கார்ந்து செய்தது அடுக்குப்படம்தான், கணினி அவர் கழுத்துக்கு மேலே இருந்தது.

அடுக்குப்படத்துக்கு ஒரு நிபந்தனை, பொருள் அசையக் கூடாது. பாசிக்குச் சரி, வண்டுக்கு? பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் கால்கள் மடங்கியிருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும், எனக்கு அவை பிடிப்பதில்லை. தை மாத விடியலில் இந்த மலையே குளிர்பெட்டி. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். பெரும்பாலான பூச்சிகளால் தம் உடம்பைத் தாமே எப்போதும் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தும்பிகளும் பட்டாம்பூச்சிகளும் புல் நுனியில் பனி போர்த்து, வெயில் எப்போது வரும் என்று அப்படியே தொங்கும். சூரியன் மரங்களைத் தாண்டி வருவதற்குள் முப்பது படம் எடுத்துவிட வேண்டும். வெயில் பட்டதும் சிறகு ஒருமுறை நடுங்கும். அத்தோடு நம் வேலை முடிந்தது.

மலையின் ஈரம் கொடுப்பதை எல்லாம் இனாமாகக் கொடுத்துவிடாது. ஒரு மழைக்காலம் முழுக்க லென்ஸைத் தோல்பையில் பூட்டிவைத்திருந்தேன், தோல்பை பத்திரம் என்ற நினைப்பு. திறந்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. பிரித்துத் துடைத்துக் கொடுத்தவர், "எடுக்கிற பொருளே உள்ள வளந்துருச்சு சார்" என்றார். இப்போது காற்றுப் புகாத அரிசி டப்பாவில், மருந்து பாட்டில்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தூங்குகிறது. குளிரிலிருந்து அடுப்படி வெக்கைக்குள் நுழையும்போது கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு நுழைகிறேன். வியர்ப்பது பையாக இருக்கட்டும்.

பாட்டிக்கு வருவோம். ஃபுனேரியாவை அடுக்குப்படம் எடுக்க முயன்ற அந்தக் காலையில் இருபத்திரண்டு படங்களில் ஒன்றுகூட இன்னொன்றோடு சேரவில்லை. காற்று இல்லை, முக்காலி ஆடவில்லை, லாரியும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் பை சற்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பாசியின் முழு அறிவியல் பெயரிலேயே விடை இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்: ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிகா, ஈரத்தை அளப்பது. அதன் காம்பு கயிறுபோல முறுக்கிக்கொண்டது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரம் எங்கிருந்து வந்தது? நாலு விரல்கடை தூரத்தில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விட்டவன் நான்தான்.

கழுத்துச் சால்வையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு மறுபடி எடுத்து முடித்தபோது விறகு இறக்கிவிட்டுப் பாட்டி திரும்பி வந்துகொண்டிருந்தார். திரையில் படத்தைக் காட்டினேன். ஆரஞ்சுப் பற்கள் நடுவை நோக்கிச் சாய்ந்து, கூடை முடைந்த மாதிரி.

"என்ன தம்பி இது, பல்லா?"

"ஆமா பாட்டி. பதினாறு. உள்ள இன்னொரு பதினாறு."

"அடப்பாவி. எனக்கு ஆறுதான் மிச்சம்."

கைலென்ஸைக் கொடுத்தேன். எல்லோரையும்போலக் கண்ணாடி பார்ப்பதாக எட்டப் பிடித்தார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு சுவருக்குக் கிட்டே போகச் சொன்னேன். முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார். சுவரோடு சுவராக மூச்சு வாங்க நின்றார், வெகுநேரம்.

"திரும்புது தம்பி," என்றார், லென்ஸை எடுக்காமலே. "என்னையப் பாக்குது."